வட்டத்துக்குள்ள ஒரு 'பி': டிரை வாஷ் கடைக்குப் பின்னால இருக்கிற கதை

(ஆடியோவில் பேசியதை வாசிப்புக்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்ன வேலை. அலமாரியில கோட்டோ பிளேசரோ இருந்தா, உள்பக்கத் தையல்ல இருக்கிற லேபிளைப் பாருங்க. துவைக்கலாமா, தேய்க்கலாமான்னு குட்டிக் குட்டியா படம் போட்டிருப்பாங்க. அதுல ஒரு வட்டம் இருக்கும். நிறைய கோட்டுல அந்த வட்டத்துக்குள்ள ஆங்கில எழுத்து 'பி' இருக்கும்.

வட்டம்னா டிரை கிளீனிங். அந்த 'பி', பெர்குளோரோஎத்திலீன் அப்படிங்கிற திரவத்தைக் குறிக்கும். தொழில்ல இருக்கிறவங்க சுருக்கமா 'பெர்க்'னு சொல்வாங்க. 'பி'க்குப் பதிலா 'எஃப்' இருந்தா, பெட்ரோலியத்துல இருந்து வர்ற கரைப்பான்கள் மட்டும் போதும்னு அர்த்தம். நாம காசு குடுத்து வாங்கி உடம்புல போட்டுக்கிற துணியில ஒரு ரசாயனத்தோட பேரே தைச்சு வெச்சிருக்காங்க, நாம ஒரு நாளும் அதைக் கவனிச்சதில்ல.

இன்னைக்கு பேசப்போறது அந்தத் திரவத்தைப் பத்தி, அது ஓடுற மெஷினைப் பத்தி, அந்த மெஷினுக்கு முன்னாடி ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருக்கிற கடையைப் பத்தி. எனக்கு அம்மா வழி ஊர் சாத்தான்குளம் பக்கம். அந்தப் பேரைக் கேட்டதும் உங்கள்ல பலருக்கு 2020 ஜூன்தான் ஞாபகம் வரும்னு தெரியும். அது தனியா, முழுசா பேச வேண்டிய விஷயம். இன்னைக்கு அந்த ஊரோட துணி மட்டும்.

முதல்ல பேர். டிரை கிளீனிங்ல 'டிரை'ன்னு எதுவும் கிடையாது. துணி நல்லா தொப்பலா நனையும், ஆனா தண்ணியில இல்ல. கம்பளி நூலை மைக்ராஸ்கோப்ல பார்த்தா மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். சூடான தண்ணியில போட்டுக் கசக்கினா அந்தச் செதிலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு, பெரிய ஆள் ஸ்வெட்டர் குழந்தை ஸ்வெட்டர் ஆயிடும். பட்டுக்கு வேற பிரச்சினை. பளபளப்பு போகும், காஞ்சிபுரம் புடவையில பார்டர் சாயம் உடம்புக்கு இறங்கிடும். பெட்ரோல், டர்பன்டைன், பெர்க் மாதிரி திரவத்துல நூல் ஊறாது, உப்பாது. ஆனா எண்ணெய்க் கறை அதுல கரைஞ்சு போயிடும். மொத்த அறிவியலும் அவ்வளவுதான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. எண்ணெய் கரையும், சரி. பாயசம் கொட்டினா? வியர்வை? சர்க்கரையும் உப்பும் தண்ணியிலதான் கரையும், வெறும் பெர்க்ல கரையாது. அதனாலதான் கடைக்காரங்க திரவத்தோட கொஞ்சம் சோப்பும் துளி தண்ணியும் சேர்ப்பாங்க, சில கறையை மெஷின்ல போடறதுக்கு முன்னாடியே கையால தனியா எடுப்பாங்க. ஆகவே, கல்யாண வீட்டுல என்ன கொட்டுச்சுன்னு கடையில சொல்லிட்டு வாங்க. "அவரே பார்த்துப்பார்"னு விட்டுட்டு வந்தா, மங்கலா இருந்த பாயசக் கறை தேய்ப்புப் பெட்டி சூட்டுல பழுப்பா வெளிய வரும். அப்புறம் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல.

சாத்தான்குளம் பக்கத்துக்குன்னே ரெண்டு கறை உண்டு. ஒண்ணு வாழைக்கறை. எந்தக் கரைப்பானும் அதை ஒண்ணும் பண்ணாது. இன்னொண்ணு தேரி மண். சாத்தான்குளத்துல இருந்து திருச்செந்தூர் பக்கம் போனா ரத்தச் சிவப்பா மணல் மேடு மேடா இருக்குமே, அதுதான். அந்தச் சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு, துரு மாதிரி. தண்ணியிலயும் கரையாது, பெட்ரோல்லயும் கரையாது. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு மேல்காத்து அடிக்கிற மாசத்துல அந்தப் பக்கம் ஒரு பஸ் பயணம் போய்ப் பாருங்க. அடிச்சு, அலசி, திரும்ப அடிச்சுத்தான் எடுக்கணும். மனுஷக் கை தான் ஒரே வழி.

சரி, தண்ணியில்லாம வெளுக்கிற யோசனை யாருக்கு முதல்ல வந்துச்சு? எல்லா இடத்துலயும் சொல்ற கதை பாரிஸ்ல நடக்குது. 19-ஆம் நூற்றாண்டு முன்பாதி. ஜீன் பாப்டிஸ்ட் ஜாலின்னு ஒருத்தர். வீட்டு வேலைக்காரப் பொண்ணு விளக்கைத் தட்டிவிட, எண்ணெய் மேசை விரிப்புல கொட்டுது. கொட்டின இடம் மட்டும் பளிச்சுனு சுத்தமாயிடுது. ஜாலி அதை வெச்சுத் தொழில் ஆரம்பிச்சுட்டார். கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இதுல உறுத்துற ஒண்ணு, விளக்கைத் தட்டின பொண்ணுக்குப் பேரே இல்லைங்கிறது.

எனக்குப் பிடிச்சது வேற ஒருத்தர் கதை. தாமஸ் ஜென்னிங்ஸ். நியூயார்க்ல தையற்காரர், கறுப்பினத்தவர், அடிமையா இல்லாம சுதந்திரமாப் பிறந்தவர். வாடிக்கையாளர்கள் நல்ல துணியைக் கறையாக்கிட்டு வந்து நிப்பாங்க, துவைச்சா பாழாயிடும். அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு 1821 மார்ச் 3-ஆம் தேதி காப்புரிமை வாங்கினார். 'டிரை ஸ்கௌரிங்'னு பேர். அமெரிக்காவுல காப்புரிமை வாங்கின முதல் கறுப்பினத்தவர்னு அவரைச் சொல்றாங்க. 1836-ல அந்த ஊர் காப்புரிமை அலுவலகம் தீப்பிடிச்சு எரிஞ்சப்போ அவரோட ஆவணமும் சாம்பலாச்சு. அதனால அவர் எதை வெச்சு வெளுத்தார்ங்கிற ரகசியம் அவரோடயே போயிடுச்சு. ஆனா அதுல வந்த காசை என்ன பண்ணினார்ங்கிறது நிலைச்சிருக்கு: தன் குடும்பத்தை அடிமைத்தனத்துல இருந்து மீட்டார், அடிமை முறை ஒழிப்பு இயக்கத்துக்குக் குடுத்தார். அவர் பொண்ணு எலிசபெத்தை 1854-ல ஒரு டிராம் வண்டியில இருந்து நிறத்தைக் காரணம் காட்டி இழுத்துத் தள்ளினாங்க. வழக்குப் போட்டாங்க, அடுத்த வருஷம் ஜெயிச்சாங்க. வாதாடின இளம் வக்கீல் செஸ்டர் ஆர்தர், பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆனார்.

அழுக்குத் துணியைத் தொடுற வேலை ஒரு குடும்பத்துக்கு விடுதலை வாங்கிக் குடுத்திருக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. நம்ம கரைக்கு வரும்போது தேவைப்படும்.

அதே 1821-ல லண்டன்ல மைக்கேல் ஃபாரடே, நம்ம பள்ளிக்கூட இயற்பியல் பாடத்துல வர்ற அதே ஃபாரடே, ஒரு குளோரின் சேர்மத்தைச் சூடாக்கி புதுசா ஒரு திரவத்தை உண்டாக்கினார். அதுதான் பெர்க். அதை வெச்சுக் கோட்டு வெளுக்கலாம்னு ஆளுங்களுக்குத் தோண இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

அதுவரைக்கும் பெட்ரோல், பென்சீன், நாப்தான்னுதான் ஓடுச்சு. எல்லாமே தீக்குச்சியைக் காட்டினா குப்புனு பத்திக்கிற சரக்கு. பட்டறைகள் எரிஞ்சுது, ஆளுங்க செத்தாங்க. இன்னைக்கு நீங்க பார்க்கிற கடையோட வடிவமே இந்தப் பயத்துல இருந்து வந்ததுதான். ஊருக்குள்ள பட்டறை வைக்க முடியாது. அதனால பட்டறை ஊருக்கு வெளிய, கடைத்தெருவுல துணி வாங்கித் திருப்பிக் குடுக்கிற கவுண்டர் மட்டும். ஸ்காட்லாந்துல பெர்த் நகரத்துல புல்லர்ஸ்னு ஒரு கம்பெனி 1866-லயே தபால்ல துணியை வாங்கி வெளுத்துத் திருப்பி அனுப்பியிருக்கு. நாம ஆப்ல புக் பண்ணிட்டுப் புதுமைன்னு நினைச்சுக்கிறோம்!

1924-ல அட்லாண்டாவுல டிரை கிளீனிங் கடை வெச்சிருந்த ஸ்டாடார்டுங்கிறவர் தீ விபத்தைக் குறைக்கணும்னு இறங்கினார். ஆய்வாளர்களோட சேர்ந்து, சாதாரண வெப்பத்துல பத்திக்காத ஒரு பெட்ரோலியக் கரைப்பானைக் கொண்டு வந்தார். 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதோட ஆவி தீப்பிடிக்காது. இந்தியாவுல பல கடையில இன்னைக்கும் ஓடுற எம்.டி.ஓ., அதாவது மினரல் டர்பன்டைன் ஆயில், இதோட நெருங்கின சொந்தம். இப்போ அந்த 38-ஐக் கொஞ்சம் யோசிங்க. அமெரிக்காவுல அது பாதுகாப்பான எல்லை. பாளையங்கோட்டையில மே மாசம் மத்தியானம் நிழல்லயே அந்த எல்லை தாண்டிடும். அதுல ஜன்னல் இல்லாத ஒரு பின்கட்டு, பக்கத்துலயே பாய்லர், மேல ஒரு பழைய ஸ்விட்ச் போர்டு. இந்தியாவுல 'பெட்ரோல் வாஷ்'னு போர்டு வெச்ச கடைகளுக்குப் பின்னாடி எத்தனை பேர் எந்த நிலைமையில வேலை பார்த்திருப்பாங்கன்னு கணக்குப் போட்டுக்கோங்க.

அப்புறம்தான் 1930-கள்ல பெர்க் வருது. தீயே பிடிக்காது. 121 டிகிரியில கொதிக்கும். அதனால அழுக்கான திரவத்தைக் காய்ச்சி வடிச்சுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், நம்ம ஊர்ல எதையோ காய்ச்சுறாங்களே, அதே முறை. [சிரிப்பு] தீப்பயம் போனதும் பட்டறை ஊருக்குள்ள வந்துடுச்சு. 1949-ல நியூயார்க் மாநிலத்துல பஃபலோ நகரத்து வேதியியலாளர் ஹென்றி மார்ட்டின், கவுண்டருக்குப் பின்னாடியே மெஷினை வெச்சு ஒரு மணி நேரத்துல வெளுத்துத் தர்ற கடையைக் கொண்டு வந்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால வட்டமா ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்குமே, அந்தக் கடை உலகம் பூரா பரவினது அதுக்கப்புறம்தான்.

உலகம் பூரான்னு சொன்னேன். சாத்தான்குளத்துக்குப் பரவல. சின்ன ஊருக்கு மெஷின் கட்டுப்படியாகாது. நான் சின்னப் பிள்ளையா பார்த்தப்போ இருந்தது அந்த முதல் வடிவம்தான்: ஒரு கவுண்டர், ஒரு பில் புக், கண்ணாடி அலமாரி. டிரை வாஷுக்குக் குடுத்த கோட்டும் பட்டுப் புடவையும் மூட்டையா பஸ்ல ஏறி திருநெல்வேலிக்குப் போயிட்டு வரும். கோட்டு யார்கிட்ட இருந்துச்சுன்னு கேக்கிறீங்களா? சாத்தான்குளம், நாசரேத், முதலூர்னு அந்தப் பக்கம் பூரா பழைய கிறிஸ்தவ ஊர்கள். மாப்பிள்ளைக்குக் கோட்டு கண்டிப்பா உண்டு. கல்யாணத்துக்குத் தைக்கிற கோட்டு, ஒரு தடவை போடுவாங்க, டிரை வாஷ் பண்ணிப் பெட்டியில வெச்சுடுவாங்க. அடுத்து தம்பி கல்யாணத்துக்கு எடுக்கும்போது பொத்தான் பூட்டாது.

அந்தக் கவுண்டர்கிட்ட எல்லாரும் எப்படிப் பேசினாங்கங்கிறதுதான் எனக்கு முக்கியம். "அண்ணாச்சி, புடவை வந்துட்டா?" எங்க பக்கம் கடை வெச்சிருக்கிறவர் எல்லாருமே அண்ணாச்சி. மளிகைக் கடை, இரும்புக் கடை, லாண்ட்ரி, எதுவானாலும். ஆனா அதே எங்க ஆச்சி, வீட்டுக்கு வந்து துணி எடுத்துட்டுப் போன பெரியவரை, தன்னைவிடப் பத்து வயசு மூத்தவரை, பேர் சொல்லித்தான் கூப்பிடும். "வந்தான், எடுத்துட்டுப் போனான்"னுதான் சொல்லும். அவர் வாசல்ல நிப்பார், திண்ணையில உட்கார மாட்டார். வேலை ஒண்ணுதான். நடுவுல ஒரு மேசை வந்ததும் 'அவன்' அண்ணாச்சி ஆயிட்டார்.

அந்த மேசை வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு சொன்னாத்தான் இதோட எடை புரியும். மெஷின் இல்லாத காலத்துல அந்த மெஷினா இருந்தது வண்ணார் சமூகம்தான், அவங்ககிட்ட ஒரு தொழில்நுட்பம் இருந்துச்சு. உவர்மண்ணைக் கரைச்சு அதுல துணியை ஊறப்போடுவாங்க. அந்த மண்ணுல இருக்கிற காரம்தான் சோப்பு வேலை பார்க்கும். அப்புறம் பெரிய பானையில தண்ணி கொதிக்க, மேல துணியை அடுக்கி மூடி ராத்திரி முழுக்க ஆவியில வேக விடுவாங்க. அதுதான் வெள்ளாவி. விடிஞ்சதும் குளத்துக்கரைக் கல்லுல அடிச்சு அலசி, கஞ்சியும் நீலமும் போட்டுக் காயவைக்கணும். ஐம்பது வீட்டுத் துணி கலந்து கிடக்கும், எது யாருதுன்னு எப்படித் தெரியும்? சேராங்கொட்டைச் சாறு. சட்டைக் காலர்ல, வேட்டி ஓரத்துல ஒரு குறி போட்டா, துணி கிழிஞ்சு போனாலும் குறி போகாது. வண்ணான் குறின்னு சொல்வாங்க. வீட்டுக்கு ஒரு குறி, அந்த மொத்தக் குறியகராதியும் ஒருத்தர் மண்டைக்குள்ள இருக்கும். அடையாளம் தெரியாத பிணம் கிடைச்சா போலீஸ்காரங்க துணியில அந்தக் குறியைத் தேடிக்கிட்டு வந்து நிக்கிற வழக்கம் இந்தியா முழுக்க இருந்துச்சு. இன்னைக்குக் கடையில காலர்ல குத்தி அனுப்புற காகித நம்பர் அதோட வாரிசு.

இவ்வளவு தெரிஞ்சவங்களுக்குக் கூலி என்ன? ராத்திரி வீடு வீடாப் போய் வாங்கிட்டு வர்ற சோறு, அறுப்புக்கு அறுப்பு தர்ற நெல்லு. பொண்ணு சமைஞ்சா மாத்துத் துணி கொண்டு வரணும், கல்யாணத்துக்கு நடைபாவாடை விரிக்கணும், சாவு விழுந்தா அதுக்கும் வரணும். தீட்டுத் துணி பூரா அவங்க கைக்குத்தான் போகும், ஆனா அந்தக் கை பட்ட தண்ணி ஆகாது.

அதுலயும் கீழே ஒரு தட்டு இருந்துச்சு. தலித் குடும்பங்களுக்கு வெளுத்த புதிரை வண்ணார். 1932 டிசம்பர் 24-ஆம் தேதி 'தி ஹிந்து' பத்திரிகையில ஒரு செய்தி வந்துச்சு. திருநெல்வேலி மாவட்டத்துல கண்ணுல பட்டாலே தீட்டுன்னு ஒதுக்கப்பட்டவங்க இருக்காங்க, அவங்க நடு ராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவுலதான் வேலை பார்க்கணும்னு. அன்னைக்கு திருநெல்வேலி மாவட்டம்னா அதுல தூத்துக்குடியும் சாத்தான்குளமும் அடக்கம், தனி மாவட்டமானது 1986-லதான். பகல் வெளிச்சத்துல துணி காயப்போட முடியாத ஒரு சலவைத் தொழிலாளியைக் கற்பனை பண்ணிப் பாருங்க. அவங்களுக்குன்னு தனி நல வாரியம் வந்ததே 2009-லதான்.

இதுக்கு நடுவுல, இதே கரையில நடந்த ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1908, தூத்துக்குடி. வ.உ.சி. கப்பல் ஓட்டிக்கிட்டு இருக்கார், பிப்ரவரி கடைசியில கோரல் மில்லுல வேலைநிறுத்தம், மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளிக்குது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல நாலு பேர் சாகுறாங்க. தூத்துக்குடியில கடைகள் அடைபட்டுது. மில் தொழிலாளிங்க மட்டும் இல்ல, ஜட்கா வண்டிக்காரங்க, முடிதிருத்துறவங்க, சலவைத் தொழிலாளிங்கன்னு எல்லாரும் வேலையை நிறுத்தினாங்க. சுதேசிக்கு எதிராப் பேசின ஒரு வக்கீலுக்குப் பாதி சவரத்தோட நிறுத்திட்டு எழுந்து போன கதை ஊர்ப் பிரபலம். இதை நாம தேசபக்திக் கதையா மட்டும் கேக்கிறோம். இன்னொரு பக்கமும் பாருங்க. ஊர்விலக்கு வெக்கணும்னா ஊர்ப் பெரியவங்க முதல்ல போடுற உத்தரவே "இவன் வீட்டுக்கு வெளுக்கக் கூடாது, சிரைக்கக் கூடாது"ங்கிறதுதான். யாருக்கு வெளுக்கணும்னு ஊர் தீர்மானிக்கும், வெளுக்கிறவர் கிட்ட கேக்க மாட்டாங்க. 1908-ல "உனக்கு வெளுக்க மாட்டேன்"னு வெளுக்கிறவரே சொன்னார். அந்த வித்தியாசம் சின்னதில்ல.

லாண்ட்ரி போர்டு வெச்ச கடை எனக்கு அதோட தொடர்ச்சியாத்தான் தெரியுது. கடைன்னா விலைப்பட்டியல் உண்டு. சட்டைக்கு இவ்வளவு, புடவை ரோல் பிரஸ்ஸுக்கு இவ்வளவு. சோறு இல்ல, காசு. ஞாயித்துக்கிழமை லீவு. உனக்குக் கட்டுப்படியாகலேன்னா வேற கடைக்குப் போ. வாங்கிக்கிறவருக்கு உள்ளே யார் வெளுக்கிறாங்கன்னே தெரியாது, தெரிஞ்சுக்கவும் தேவையில்ல. ஊரை விட்டுப் போனவங்களுக்கு இது இன்னும் நல்லா நடந்துச்சு. ஃபோர்ட் கொச்சிக்குப் போனா வேலிங்கிற இடத்துல ஒரு தோபி கானா இருக்கும், டூரிஸ்ட் எல்லாம் போட்டோ எடுக்கிற இடம். அங்க வெளுக்கிறவங்க தமிழ் பேசுற வண்ணார் குடும்பங்கள். டச்சுக்காரங்க காலத்துல பட்டாளத்துச் சீருடை வெளுக்கத் தமிழ்நாட்டுல இருந்து கூட்டிட்டு வந்தாங்கன்னு அவங்க தங்களோட வரலாறைச் சொல்வாங்க. டச்சுக்காரங்க தூத்துக்குடியை 1658-லயும் கொச்சியை 1663-லயும் போர்த்துகீசியர்கிட்ட இருந்து பிடிச்சவங்க. ரெண்டு ஊரும் ஒரே முதலாளி கையில இருந்துச்சுன்னு பார்த்தா, அது நடக்கக்கூடிய பயணம்தான். இப்ப இருக்கிற கட்டடத்தை 1976-ல கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் குடுத்துச்சு. ஆளுக்கு ஒரு தொட்டி, ஒரு கல்லு. ரெண்டு கயிற்றை முறுக்கி அந்த முறுக்குக்குள்ள துணி நுனியைச் செருகிக் காயப்போடுவாங்க, கிளிப்பே வேண்டாம். ஹோட்டல், ஆஸ்பத்திரி எல்லாம் அவங்ககிட்ட துணி குடுக்குது.

ஆனா மெஷின் வந்தப்போ கணக்கு வேற மாதிரி ஆச்சு. ஜென்னிங்ஸுக்குத் தன் வித்தை மேல காப்புரிமை இருந்துச்சு. வெள்ளாவிக்கு யாரும் காப்புரிமை குடுக்கல. டிரை கிளீனிங் மெஷினை வாங்க முதல் வேணும். முதல் இருந்தவங்க வாங்கினாங்க, அதுல பெரும்பாலானவங்க குளத்துக்கரைக்கே போனதில்ல. கல்லுல அடிச்சவங்க பிள்ளைங்க அந்தக் கடையிலயே தேய்க்கிற ஆளா, கறை எடுக்கிற ஆளா சம்பளத்துக்குப் போனாங்க, இல்லேன்னா தெருமுனையில இஸ்திரி வண்டி போட்டாங்க.

இப்ப அதுக்கும் அடுத்த கட்டம். உஜாலா சொட்டு நீலம் விற்ற ஜோதி லேபரட்டரீஸ் பெங்களூருல 'ஃபேப்ரிக்ஸ்பா'ன்னு சலவைக் கடைகள் திறந்துச்சு. டெல்லியில ஆரம்பிச்ச 'யூகிளீன்' மாதிரி ஃப்ராஞ்சைஸ் கடைகள் நம்ம சென்னை, கோவைத் தெருவுக்கெல்லாம் வந்தாச்சு. நான் அதுக்கு எதிரி இல்ல. ஏசி, நல்ல மெஷின், வீட்டு வாசல்ல வந்து எடுத்துட்டுப் போறாங்க, சாதி கேக்காத வேலை. நம்ம அரசாங்கமும் சும்மா இல்ல. இலவச இஸ்திரிப் பெட்டி தருது, சலவைத் தொழிலாளர் நல வாரியம் இருக்கு. பத்துப் பேர் குழுவா சேர்ந்தா நவீன சலவையகம் வைக்க மூணு லட்ச ரூபாய் தர்ற திட்டமும் இருக்கு. தலைக்கு முப்பதாயிரம். ஆவி வெளிய கசியாத ஒரு நல்ல டிரை கிளீனிங் மெஷின் வாங்க, கடைக்கு அட்வான்ஸ் குடுக்க, அந்தத் தொகை எந்த மூலைக்கு? தர்றதைக் குறை சொல்லல, தொகையைத்தான் சொல்றேன். மெஷின் யார் பேர்ல இருக்குங்கிறதுதான் கேள்வின்னா, இலவச இஸ்திரிப் பெட்டி அதுக்குப் பதில் இல்ல.

'கசியாத மெஷின்'னு சொன்னேன்ல, அங்க திரும்ப நம்ம லேபிள் 'பி'க்கு வந்துடுவோம். பழைய முறையில ஒரு மெஷின்ல வெளுத்து, ஈரத்தோட துணியைக் கையால அள்ளி இன்னொரு மெஷின்ல காயப்போடுவாங்க. அள்ளுற நேரம் பூரா ஆவி நேரா மூக்குல ஏறும். தலைசுத்தல், தலைவலி வரும், நாள்பட்டா ஈரல், சிறுநீரகம், நரம்பு எல்லாத்தையும் பாதிக்கும். உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பெர்க்கை 'மனுஷங்களுக்குப் புற்றுநோய் வரவைக்க வாய்ப்பு அதிகம்'ங்கிற பிரிவுல வெச்சிருக்கு. தண்ணியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல கனம். தரையில சிந்தினா மேல மிதக்காது, மண்ணுக்குள்ள இறங்கி நிலத்தடி நீரோட அடியில போய் உட்கார்ந்துக்கும். எடுக்கிறது ரொம்பக் கஷ்டம்.

கலிஃபோர்னியா 2023-ல டிரை கிளீனிங் கடைகள்ல பெர்க்கை முழுசா நிறுத்திடுச்சு. 2024 டிசம்பர்ல அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு, பத்து வருஷத்துல படிப்படியா எல்லாக் கடையிலயும் நிறுத்தணும்னு விதி போட்டுது. இப்போ அந்த நாடுகள்ல 'வெட் கிளீனிங்'னு ஒண்ணு வளர்ந்துக்கிட்டு வருது. அது என்னன்னு பார்த்தா, தண்ணிதான்! கம்ப்யூட்டர் வெச்சு வெப்பத்தையும் சுத்துற வேகத்தையும் அளவா கட்டுப்படுத்தி, மென்மையான சோப்பு போட்டு, கம்பளியைக்கூடத் தண்ணியிலயே வெளுக்கிறாங்க. இருநூறு வருஷம் சுத்திட்டுத் தண்ணிக்கே வந்து நிக்கிறாங்க.

நீங்க இப்போதைக்குப் பண்ணக்கூடியது கொஞ்சம்தான். டிரை வாஷ் பண்ணி வந்த துணியை அந்த பிளாஸ்டிக் கவரோடவே பீரோவுக்குள்ள மாட்டாதீங்க. கவரைக் கழட்டி, காத்தோட்டமா ஒரு நாள் வெளிய போட்டுட்டு உள்ள வைங்க. இனிப்பா ஒரு வாசனை வந்தா அது சுத்தத்தோட வாசனை இல்ல, மிச்சமிருக்கிற கரைப்பான். உங்க கோட்டுலயே அவ்வளவு வாசனைன்னா, நாளைக்கு எட்டு மணி நேரம் உள்ள நிக்கிறவரை நினைச்சுக்கோங்க. அடுத்த தடவை போகும்போது "அண்ணாச்சி, உள்ள என்ன ஊத்துறீங்க, எம்.டி.ஓ.வா பெர்க்கா?"ன்னு கேளுங்க. பாதிப் பேர் சந்தோஷமா பதில் சொல்வாங்க. இன்னும் சிலர் உள்ள கூட்டிட்டுப் போய் மெஷினையே காட்டுவாங்க, அனுபவத்துல சொல்றேன். போனா ஜன்னல் எங்க இருக்குன்னு பாருங்க.

வீட்டுல பழைய வேட்டி, போர்வை ஏதாவது இருந்தா அதோட ஓரத்துல கறுப்பா புள்ளியோ கோடோ இருக்கான்னும் பாருங்க. சேராங்கொட்டைக் குறி இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. எந்த ஊர், யார் வீட்டுக் குறின்னு வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரிஞ்சா அதையும் எழுதுங்க. வர்றதை எல்லாம் சேர்த்து ஒரு எபிசோடா போடலாம்னு இருக்கோம். அடுத்த வாரம் உடன்குடி கருப்பட்டி.